வங்கி ஊழியரோட சம்பளத்துக்கும் உங்க அம்மாவோட டெபாசிட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல இறங்கி, பக்கத்துல இருக்கிற ஏதாவது ஒரு வங்கிக் கிளைக்குள்ள காலை பதினோரு மணிக்கு நுழைஞ்சு பாருங்க. கனகமூலம் சந்தையில வித்த காசைக் கட்ட வந்த காய்கறி வியாபாரி, கோயில் நகை செய்யுற பட்டறைக்கு லோன் கேட்டு வந்த ஆசாரி, கல்ஃப்ல இருக்கிற மகன் அனுப்பின பணத்தை டெபாசிட்ல போட வந்த அம்மா... இப்படி நாலு விதமான ஆட்கள் டோக்கனோட உட்கார்ந்திருப்பாங்க.

இவங்க ஒவ்வொருத்தருக்கும் கவுன்ட்டர்ல என்ன பதில் கிடைக்கும்? ஆசாரியோட லோன் பேப்பரைப் பொறுமையா படிப்பாங்களா, இல்ல "மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க"தானா? அந்த அம்மாவுக்கு டெபாசிட் ரசீது கிடைக்குமா, இல்ல "அதைவிட சூப்பரா ஒண்ணு இருக்கும்மா"ன்னு ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி கைக்கு வருமா?

ஊழியரோட குணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவருக்குச் சம்பளம் எப்படி வருது, மேலிடம் எதுக்குக் கை தட்டுது, எதுக்குத் திட்டுதுங்கிறதும் சேர்ந்துதான் இதை முடிவு பண்ணுது. பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறவங்களுக்கு மட்டுமில்ல, அக்கவுன்ட் வெச்சிருக்கிற எல்லாருக்கும் இது தெரிய வேண்டிய விஷயம். வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

அரசு வங்கியில சம்பளத்தை யார் முடிவு பண்றாங்க?

தனியார் கம்பெனியில் ஹெச்.ஆர். கூப்பிட்டு "உங்களுக்கு இவ்வளவு ஹைக்" என்பார். பொதுத்துறை வங்கியில் அப்படி இல்லை. வங்கிகளின் சார்பில் இந்திய வங்கிகள் சங்கமும், ஊழியர்கள் சார்பில் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் போடுவார்கள். இதுக்கு 'இருதரப்பு ஒப்பந்தம்'னு பேர். முதல் ஒப்பந்தம் 1966 அக்டோபர் 19-ம் தேதி கையெழுத்தானது. 12-வது ஒப்பந்தம் 2024 மார்ச் 8-ம் தேதி.

கடைசி ஒப்பந்தத்தில் 17% உயர்வு கிடைத்தது. அது 2022 நவம்பர் 1-ம் தேதியிலிருந்தே கணக்கு. இதன்படி கிளார்க் வேலையில் சேருபவரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 17,900 ரூபாயிலிருந்து 24,050 ரூபாயாகவும், பி.ஓ. என்கிற புரொபேஷனரி ஆபீசரின் அடிப்படைச் சம்பளம் 36,000 ரூபாயிலிருந்து 48,480 ரூபாயாகவும் மாறியது. இந்த எண்களைப் பார்த்து "17%-க்கு மேல வருதே"ன்னு கால்குலேட்டரைத் தட்டாதீங்க. பழைய பஞ்சப்படியின் பெரும்பகுதியை அடிப்படைச் சம்பளத்தோட சேர்த்துட்டுதான் புது எண்ணைப் போடுவாங்க.

இதுக்கு மேல மூணு மாசத்துக்கு ஒரு தடவை விலைவாசிக்கு ஏத்த மாதிரி மாறுகிற டி.ஏ., வீட்டு வாடகைப் படி, குறைந்த வட்டியில் வீட்டுக்கடன், ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளைப் பாஸ் பண்ணினால் கூடுதல் இன்கிரிமென்ட் எல்லாம் உண்டு. அந்தக் குறைந்த வட்டிக் கடனுக்கும் வரி கட்டணும் என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. வட்டியில் மிச்சமாகும் பணம் ஊழியருக்குக் கிடைக்கும் தனிச் சலுகை, ஆகவே அதுவும் வருமானம்தான் என்பது தீர்ப்பின் சாரம்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். இந்தச் சம்பளத்துல பெரும்பகுதி, ஊழியர் எவ்வளவு நல்லா வேலை செஞ்சார் என்பதைப் பொறுத்தது இல்லை. வடசேரியில் வேலை பார்க்கும் கிளார்க்கும் வடஇந்தியாவில் வேலை பார்க்கும் கிளார்க்கும் அடிப்படைச் சம்பளத்தில் ஒரே ஏணியில்தான் நிற்கிறார்கள்.

லாபம் வந்தா எத்தனை நாள் சம்பளம்?

2020 நவம்பர் 11-ம் தேதி கையெழுத்தான 11-வது ஒப்பந்தத்தில் ஒரு புது விஷயம் உள்ளே வந்தது. பேர் பி.எல்.ஐ. 'செயல்பாட்டோடு இணைந்த ஊக்கத்தொகை' என்று சொல்லலாம். கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு வங்கியின் லாபம் முந்தைய வருடத்தைவிட,

- 5%-க்குக் கீழே வளர்ந்தால்: ஒண்ணும் கிடையாது
- 5 முதல் 10% வளர்ந்தால்: 5 நாள் சம்பளம்
- 10 முதல் 15% வளர்ந்தால்: 10 நாள் சம்பளம்
- 15%-க்கு மேல் வளர்ந்தால்: 15 நாள் சம்பளம்

இங்கே சம்பளம் என்பது அடிப்படையும் டி.ஏ.வும் மட்டும். ஒரு பேச்சுக்கு, ஒருத்தருக்கு இரண்டும் சேர்த்து மாசம் 30,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. அவரோட வங்கி பிரமாதமா லாபம் பார்த்தா, வருஷத்துக்கு ஒரு தடவை 15,000 ரூபாய் கூடுதலா வரும். அம்புட்டுதான்.

இதில் நல்லது என்னன்னா, ஒரு வங்கிக்குள்ள எல்லோருக்கும் அதே எண்ணிக்கை நாட்கள். 'நான் வித்தேன், நீ விக்கல'ங்கிற சண்டைக்கு இடமில்லை. இதில் இருக்கும் குறையும் அதேதான். பல்லாயிரம் பேர் வேலை பார்க்கும் வங்கியில், வடசேரி கிளையில் ஒருத்தர் கூடுதலாக ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து உழைத்தால் மொத்த லாபம் எவ்வளவு நகரும்? கண்ணுக்கே தெரியாது. அவர் உழைச்சாலும் 15 நாள், உழைக்காட்டியும் 15 நாள்.

இதை மாத்தணும்னு மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறை 2024 நவம்பரில், ஸ்கேல் 4-லும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகளுக்கு வேறு மாதிரியான பி.எல்.ஐ. திட்டத்தை அறிவித்தது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. "இது ஊழியர்களைப் பிரிக்கும், வேலைக்கு உத்தரவாதம் இல்லாமல் போகும்" என்பது அவர்கள் வாதம். 2025 மார்ச் 24, 25 தேதிகளில் அறிவித்து, பிறகு பேச்சுவார்த்தையால் தள்ளிவைத்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று.

அதே சம்பளம்... ஒரு வங்கி லாபம், ஒரு வங்கி நஷ்டம்!

'சம்பளத்தைக் கூட்டினா வங்கி நல்லா ஓடுமா'ங்கிற கேள்விக்கு நம்ம ஊர்ப் பக்கமே ஒரு அருமையான உதாரணம் இருக்கு. ரெண்டு வங்கிகளை எடுத்துக்குவோம். இந்தியன் வங்கி, 1907-ல் தொடங்கியது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1937-ல் தொடங்கியது. ஐ.ஓ.பி.தான் கன்னியாகுமரி மாவட்டத்தின் முன்னோடி வங்கியும்கூட. இரண்டுக்கும் தலைமையகம் சென்னை. இரண்டும் பொதுத்துறை. இரண்டிலும் கிளார்க்குக்கும் ஆபீசருக்கும் ஒரே ஒப்பந்தம், ஒரே சம்பள ஏணி.

2019-20-ல் ஐ.ஓ.பி.க்கு 8,527 கோடி ரூபாய் நஷ்டம். அதே வருடம் இந்தியன் வங்கிக்கு 753 கோடி ரூபாய் லாபம். வாராக்கடன் எகிறியதால் ரிசர்வ் வங்கி 2015-லேயே ஐ.ஓ.பி.யைத் தன் சிறப்புக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்திருந்தது. 2020-21-ல் 831 கோடி ரூபாய் லாபம் காட்டி எழுந்த பிறகு, 2021 செப்டம்பரில்தான் அந்தக் கட்டிலிருந்து அது வெளியே வந்தது. 2024-25-ல் ஐ.ஓ.பி.யின் லாபம் 3,335 கோடி. இந்தியன் வங்கியின் லாபம் 10,918 கோடி.

"அப்போ இந்தியன் வங்கி ஆளுங்க கெட்டிக்காரங்க"ன்னு முடிவு கட்டிடாதீங்க. 1995-96-ல் அதே இந்தியன் வங்கி 1,336 கோடி ரூபாய் நஷ்டப்பட்டு நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. அப்பவும் மத்த அரசு வங்கிகளுக்கு என்ன சம்பள ஒப்பந்தமோ, அதுதான் அவங்களுக்கும்.

இதிலிருந்து என்ன புரியுது? கவுன்ட்டர்ல இருக்கிறவரோட மாசச் சம்பளம் ஒரு வங்கியைக் கவிழ்க்கவும் இல்லை, தூக்கி நிறுத்தவும் இல்லை. யாருக்குப் பெரிய கடன் கொடுப்பது, வராத கடனை எப்போது ஒத்துக்கொள்வது, எப்படி வசூலிப்பது என்று மேல்மட்டத்தில் எடுக்கும் முடிவுகள்தான் நூறு கோடி, ஆயிரம் கோடி எனக் கணக்கை மாற்றுகின்றன.

மொத்த அரசு வங்கிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் இதே கதைதான். 2017-18-ல் எல்லாம் சேர்ந்து 85,000 கோடிக்கு மேல் நஷ்டம். 2024-25-ல் சுமார் 1.78 லட்சம் கோடி லாபம். நஷ்டத்துக்கும் லாபத்துக்கும் நடுவில் இவ்வளவு பெரிய தாவல். ஆனால் சம்பள உயர்வு? 2015-ல் கையெழுத்தானது 15%, 2020-ல் 15%, 2024-ல் 17%. பெருசா வித்தியாசமே இல்லை.

நஷ்ட காலத்தில் ஊழியர்கள் வலியை அனுபவிக்கவில்லை என்று அர்த்தமில்லை. 2018-ல் வங்கிகள் சங்கம் முதலில் முன்வைத்தது வெறும் 2% உயர்வு. கொதித்துப்போன ஊழியர்கள் அந்த வருடம் மே 30, 31 தேதிகளில் வேலைநிறுத்தம் செய்தார்கள். "பெரிய கம்பெனிகளுக்கு யாரோ கொடுத்த கடன் வராமல் போனதுக்கு, கேஷ் கவுன்ட்டர்ல இருக்கிற நாங்க ஏன் தண்டனை அனுபவிக்கணும்?" என்பதுதான் அன்றைக்கு அவர்கள் பக்கத்துக் கேள்வி. நியாயமான கேள்விதானே?

மேலே இருக்கிறவங்களுக்கு எவ்வளவு?

2016 ஆகஸ்டில், ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். தனியார் வங்கிகளோடு ஒப்பிட்டால் பொதுத்துறை வங்கிகள் கீழ்மட்டத்தில் கூடுதலாகவும் மேல்மட்டத்தில் குறைவாகவும் சம்பளம் தருகின்றன என்றார். இதனால் உச்சிப் பதவிகளுக்கு வெளியிலிருந்து திறமைசாலிகளைக் கொண்டுவருவது கஷ்டமாகிறது என்பது அவர் கவலை.

அந்த இடைவெளி எவ்வளவு பெருசு தெரியுமா? 2022-23-ல் ஸ்டேட் பேங்க் தலைவரின் ஆண்டுச் சம்பளம் சுமார் 37 லட்சம் ரூபாய். ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் நிர்வாக இயக்குநருக்கு சுமார் 10.55 கோடி. கிட்டத்தட்ட 28 மடங்கு. ஆனால் அதே வருடம் ஸ்டேட் பேங்க்கின் லாபம் 50,232 கோடி, ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் லாபம் சுமார் 44,109 கோடி.

"பார்த்தீங்களா, குறைஞ்ச சம்பளத்துலயே அதிக லாபம்"னு மீம் போடத் தோணும். கொஞ்சம் பொறுங்க. அந்த வருடக் கடைசியில் ஸ்டேட் பேங்க் அளவில் ஹெச்.டி.எஃப்.சி. வங்கியைவிட இரண்டு மடங்குக்கும் பெரியது. அதாவது, கையில் இருக்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று பார்த்தால், ஹெச்.டி.எஃப்.சி. வங்கி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஈட்டியது. மறுபக்கம், ஜன்தன் கணக்கு, ஓய்வூதியப் பட்டுவாடா, குக்கிராமக் கிளை என்று லாபம் தராத வேலைகளின் சுமையும் அரசு வங்கிகளின் தலையில்தான் அதிகம். ஆகவே தலைவரின் சம்பளத்தை மட்டும் வைத்து வங்கியை எடை போட முடியாது.

தனியார் வங்கிகளில் கீழ்மட்டத்தில் வேறொரு பிரச்னை. ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆண்டறிக்கை, தனியார் வங்கிகளிலும் சிறு நிதி வங்கிகளிலும் வருடத்துக்குச் சுமார் 25% ஊழியர்கள் வேலையை விட்டுப் போவதாக எச்சரித்தது. நாலு பேரில் ஒருத்தர்! நீங்க லோன் பத்திப் பேசின அதே ஆபீசர் அடுத்த தடவை போறப்ப இல்லைன்னா, காரணம் இதுவா இருக்கலாம். போனவரோட சேர்ந்து உங்க தொழிலைப் பத்தி அவர் தெரிஞ்சு வெச்சிருந்ததும் போயிடுது. புதுசா வந்தவர் மறுபடியும் "என்ன பிசினஸ் சார் பண்றீங்க?"ன்னு முதல்ல இருந்து ஆரம்பிப்பார்.

பால் வெட்டுக்காரரும் லோன் ஆபீசரும்

"சரி, அப்போ ஆளுக்கு ஆள் கமிஷன் கொடுத்துட்டா எல்லாரும் ஓடி ஓடி வேலை செய்வாங்களே?"

நம்ம மாவட்டத்து ரப்பர் தோட்டத்தை நினைச்சுக்கோங்க. பால் வெட்டுறவர்கிட்ட "இன்னிக்கு எவ்வளவு பால் வருதோ அதுக்கு மட்டும்தான் கூலி"ன்னு சொன்னா என்ன ஆகும்? கத்தியைக் கொஞ்சம் ஆழமா இறக்கத் தோணும். இன்னிக்குப் பால் கூடும். ஆனா பட்டை காயப்பட்டு, நாளைக்கு அந்த மரமே வீணாகும். மரம் முதலாளியோடது, கூலி இவரோடது. வங்கியிலும் இதே சிக்கல்தான்.

மேலாண்மை ஆய்வாளர் ஸ்டீவன் கெர் 1975-லேயே இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு இன்னொன்றுக்குப் பரிசு கொடுக்கும் முட்டாள்தனம் பற்றியது அது. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2016-ல் பகிர்ந்துகொண்ட பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ராம், 1991-ல் பால் மில்குரோமோடு சேர்ந்து இதற்குக் கணித வடிவமே கொடுத்தார். ஒருவருக்குப் பல வேலைகள் இருந்து, அதில் எளிதாக எண்ணக்கூடிய வேலைக்கு மட்டும் பெரிய பரிசு வைத்தால், எண்ண முடியாத வேலைகளை அவர் கைவிட்டுவிடுவார். எத்தனை பாலிசி வித்தார்னு எண்ணலாம். ஒரு பெரியவருக்கு எவ்வளவு பொறுமையா விளக்கினார்னு எப்படி எண்ணுறது?

இதை நம் நாட்டு வங்கி அதிகாரிகளை வைத்தே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஷான் கோல், மார்ட்டின் கான்ஸ், லியோரா கிளாப்பர் என்ற மூன்று ஆய்வாளர்கள், இந்தியாவைச் சேர்ந்த அனுபவமுள்ள கடன் அதிகாரிகளிடம் பழைய, உண்மையான கடன் விண்ணப்பங்களைக் கொடுத்து, "இதுக்குக் கடன் கொடுக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்கள். அந்தக் கடன்கள் பின்னால் திரும்பி வந்ததா, இல்லையா என்பது ஆய்வாளர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆய்வு 2015-ல் வெளியானது.

முடிவு என்ன? ஒவ்வொரு கடனை ஒப்புக்கொள்ளும்போதும் போனஸ் என்றால், கண்டபடி ஒப்புக்கொண்டார்கள். நல்ல கடனுக்குப் பரிசும் வாராக்கடனுக்கு அபராதமும் என்றால், விண்ணப்பத்தைத் துருவிப் படித்து, வங்கிக்கு லாபமான முடிவு எடுத்தார்கள். பணம் கைக்கு வரத் தாமதமானால், அந்த ஊக்கம் குறைந்துபோனது.

எல்லாத்தையும்விட கவனிக்க வேண்டியது இதுதான்: எண்ணிக்கைக்கு போனஸ் வாங்கியவர்களுக்கு, அந்தக் கடன்கள் உண்மையிலேயே ஆபத்து குறைந்தவையாகத் தெரிந்தன. அதாவது அவங்க பொய் சொல்லலை. போனஸ் அவங்க பார்வையையே மாத்திடுச்சு. வருஷக்கணக்கா அனுபவம் இருந்தவங்களுக்கும் இதே நிலைமைதான்.

"எட்டு இருந்தா சிறப்பு" என்ற வங்கி

டார்கெட் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகமே பேசும் உதாரணம் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. ஒரு குடும்பத்திடம் எட்டு வகைக் கணக்குகளையாவது விற்றுவிட வேண்டும் என்பது அங்கே கோஷம். கிளை ஊழியர்களுக்கு தினசரி டார்கெட். எட்டாவிட்டால் வேலை போகும் பயம்.

ஊழியர்கள் என்ன செய்தார்கள்? வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தது. 18.5 கோடி டாலர் அபராதம். அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் சுமார் 5,300 ஊழியர்கள் இதற்காக வேலையிழந்தது வெளியே வந்தது. 2018-ல் அமெரிக்க மத்திய வங்கி, "இனிமே நீங்க இதைவிடப் பெருசா வளரக் கூடாது" என்று சொத்து அளவுக்கே உச்சவரம்பு போட்டது. அந்த வரம்பு 2025 ஜூனில்தான் நீங்கியது. 2020-ல் வழக்குகளை முடிக்க வங்கி இன்னொரு 300 கோடி டாலர் கொடுத்தது.

விற்பனை எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருந்தப்ப, பேப்பர்ல அது பிரமாதமான வங்கி. பரிசு கொடுத்த முறைதான் அதைப் படுகுழியில தள்ளிச்சு.

நம்ம ஊர்ல என்ன கட்டுப்பாடு?

2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு எல்லா நாடுகளும் விழித்துக்கொண்டன. இந்தியாவில் ரிசர்வ் வங்கி முதலில் 2012-லும், பிறகு இன்னும் இறுக்கமாக 2019 நவம்பரிலும் தனியார், வெளிநாட்டு வங்கிகளுக்கு விதிகள் போட்டது. 2020 ஏப்ரல் முதல் இவை நடைமுறையில் உள்ளன. தலைமை அதிகாரிகளும், வங்கியை ஆபத்தில் தள்ளக்கூடிய முடிவுகளை எடுப்பவர்களும் இந்த விதிகளுக்குள் வருவார்கள். சுருக்கமாகச் சொன்னால்:

- மொத்தச் சம்பளத்தில் பாதியாவது செயல்பாட்டைப் பொறுத்து மாறுவதாக இருக்க வேண்டும்.
- அந்த மாறும் பகுதி, நிலையான சம்பளத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது.
- மாறும் பகுதியில் குறைந்தது 60 சதவிகிதத்தை உடனே தரக் கூடாது. மூன்று வருடமாவது தள்ளித்தான் பிரித்துத் தர வேண்டும்.
- இடையில் தப்பு வெளியே வந்தால், தராததை நிறுத்திவைக்கலாம். கொடுத்ததைத் திரும்பவும் வாங்கலாம்.

கொடுத்ததைத் திரும்ப வாங்குறது சும்மா பேப்பர்ல இருக்கிற விதியா? இல்லை. 2019 ஜனவரியில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, முன்னாள் தலைமை அதிகாரி சந்தா கோச்சர் வங்கியின் நடத்தை விதிகளை மீறினார் என்ற விசாரணைக் குழு அறிக்கையின் அடிப்படையில், 2009 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை அவருக்குக் கொடுத்த போனஸ்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்.

ஆனால் இந்த விதிகள் மாடியில் இருப்பவர்களுக்கு. தரைத்தளத்தில், உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு? அங்கே கையில் வரும் போனஸைவிட வேறு விஷயங்கள்தான் பேசும். "இந்த மாசம் எத்தனை பாலிசி?"ன்னு சாயந்தரம் வரும் போன், வாட்ஸ்அப் குரூப்பில் யார் முதலிடம், யார் கடைசி என்ற பட்டியல், புரமோஷன் நேர்காணல், வீட்டுக்கும் வேலைக்கும் நானூறு கிலோமீட்டர் தூரம் வைக்கும் டிரான்ஸ்ஃபர். இவையும் பரிசும் தண்டனையும்தான். சம்பளச் சீட்டில் மட்டும் இருக்காது.

வங்கிகள் இன்ஷூரன்ஸைத் தப்பாகச் சொல்லி விற்பது வாடிக்கையாளரின் செலவை மறைமுகமாக ஏற்றுகிறது என்று நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமனே 2024 நவம்பரில் வங்கியாளர்கள் கூட்டத்தில் எச்சரித்தார். பாலிசி வித்தால் வங்கிக்குக் கமிஷன் வருமானம் உடனே வரும். உங்க டெபாசிட்டைப் பத்திரமா வெச்சிருக்கிறதுக்கு யாரும் யாருக்கும் கை தட்டுறதில்லை.

நீங்க என்ன செய்யலாம்?

*அக்கவுன்ட் வெச்சிருக்கிறவரா?*

1. டெபாசிட் போடப் போன வீட்டுப் பெரியவங்க வேற எதிலாவது கையெழுத்துப் போட்டுட்டு வந்தாங்களான்னு அன்னிக்கே பாருங்க. ரசீதுல 'ஃபிக்ஸட் டெபாசிட்'னு இருக்கா, இன்ஷூரன்ஸ் கம்பெனி பேர் இருக்கா? 'பிரீமியம்'கிற வார்த்தை இருந்தா அது டெபாசிட் இல்லை.

2. ஆயுள் காப்பீட்டு பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் "வேண்டாம்" என்று திருப்பிக் கொடுக்கலாம். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு மாதிரி சிலவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

3. "இந்த பாலிசி எடுத்தாதான் லோன்"னு யாராவது சொன்னா, சண்டை போடாதீங்க. "அதை எழுத்துல கொடுங்க சார்"னு மட்டும் கேளுங்க. பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறும்.

4. வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தியா இல்லைன்னாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

*பேங்க் வேலைக்குப் படிக்கிறவரா?*

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம்ம மாவட்டத்துக்கு. படிச்சு முடிச்சுட்டு கோச்சிங் கிளாஸ் நோட்ஸோட சுத்துறவங்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. உங்களுக்கு ஒரு வார்த்தை.

ஆஃபர் லெட்டர்ல இருக்கிற மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீங்க. அதில் எவ்வளவு நிச்சயம், எவ்வளவு டார்கெட்டைப் பொறுத்ததுன்னு பிரிச்சுக் கேளுங்க. "டார்கெட்டுன்னா எது? டெபாசிட்டா, லோனா, இன்ஷூரன்ஸா? நான் கொடுத்த லோன் வராமப்போனா என்ன ஆகும்? போன வருஷம் இந்தக் கிளையில எத்தனை பேர் வேலையை விட்டாங்க?" இதெல்லாம் நேர்காணல்ல கேட்கத் தயங்கினா, அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கிற சேச்சி, அண்ணன்கிட்டயாவது கேட்டுடுங்க. அரசு வங்கின்னா பென்ஷனையும் பாருங்க. 2010 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, என்.பி.எஸ்.தான்.

வேலையில சேர்ந்த பிறகும், டார்கெட்டுக்காக ஒரு வாடிக்கையாளர்கிட்ட உண்மையை மறைக்கச் சொன்னா, அந்த அறிவுரையை மெயில்ல வாங்கி வெச்சுக்கோங்க. வெல்ஸ் ஃபார்கோவில் முதலில் வேலையிழந்தது கீழே இருந்தவர்கள்தான்.

கடைசியா...

நல்ல சம்பளம் வேணாம்னு யாரும் சொல்லலை. வீட்டுக்கவலை இல்லாத ஊழியர்தான் நிதானமா வேலை பார்ப்பார், வேலையை விட்டு ஓடாம இருப்பார், சபலத்துக்கும் அவ்வளவு சுலபமா ஆளாக மாட்டார். ஆனா அந்தச் சம்பளத்துக்கு மேல வைக்கிற பரிசு எதுக்குன்னு ஒவ்வொரு வங்கியும் யோசிக்கணும். கடன் கொடுத்ததுக்கா, கொடுத்த கடன் திரும்பி வந்ததுக்கா? பாலிசி வித்ததுக்கா, வித்த பாலிசியை மூணு வருஷம் கழிச்சும் வாடிக்கையாளர் திட்டாம வெச்சிருக்கிறதுக்கா?

அதை வங்கிகள் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள, அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட ஒரு திட்டத்தை ரொம்ப உற்சாகமா விளக்கும்போது, சிரிச்ச முகத்தோட இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்க: "இதை நான் எடுத்தா உங்களுக்கும் உங்க பேங்க்குக்கும் என்ன கிடைக்கும்?" நேரா பதில் சொல்ற ஆபீசரை விட்டுடாதீங்க. அவர் இருக்கிற கிளையிலயே அக்கவுன்ட்டை வெச்சுக்கோங்க.